கேலிபரை மாற்றும் முன்: ரைஃபிள் குறி தவறினால் எங்கே பார்ப்பது

"அண்ணே, இந்த ஒன் செவன் செவனைத் தள்ளிவிட்டு ஒரு டூ டூ வாங்கிடலாமா? சொன்ன இடத்துல விழவே மாட்டேங்குது." காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் ஏர் ரைஃபிள் பழகுகிறவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள். குறி தவறினால் முதல் பழி கேலிபர் மேல்தான். பெட்டியிலேயே பெரிதாக அச்சடித்திருக்கிற எண் அதுதானே. கடைக்காரருக்கும் அதைச் சொல்லி இன்னொன்றை விற்பது சுலபம்.

கேலிபர் என்பது பேரல் துளையின் விட்டம். 0.177 (அங்குலம்) என்றால் 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளில் 0.22 என்றால் 5.5 மி.மீ. தோட்டா போட்டுச் சுடும் 0.22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) வகையில் 5.6 மி.மீ. இந்த விட்டம் மாறினால் குண்டு எவ்வளவு இறங்கும், காற்று எவ்வளவு தள்ளும், தோளில் எவ்வளவு உதைக்கும் என்பதெல்லாம் மாறும். ஆனால் அடுத்தடுத்துச் சுட்ட குண்டுகள் ஒரே இடத்தில் போய் விழுமா என்பது வேறு விஷயம். அதைத் தீர்மானிப்பவை பேரலின் தரம், அந்த பேரலுக்கு ஒத்துப்போகிற குண்டு, இறுக்கமான ஸ்க்ரூ, அப்புறம் சுடுகிறவரின் கை. அபினவ் பிந்த்ரா 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியது 4.5 மி.மீ. ரைஃபிளில். ஸ்வப்னில் குசாலே 2024 பாரிஸில் வெண்கலம் வாங்கியது 50 மீட்டர் போட்டியில், 5.6 மி.மீ. ரைஃபிளில். 10 மீட்டர் டார்கெட்டில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. அதன் மேல் விழுகிற பெல்லட் (ஏர் ரைஃபிளின் ஈயக் குண்டு) அதைவிட ஒன்பது மடங்கு அகலம். இவ்வளவு துல்லியத்தைச் சின்னத் துளையே தருகிறது என்றால், உங்கள் ரைஃபிள் தவறுவதற்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

எங்கே என்று டார்கெட் தாளே சொல்லும். ஓட்டைகள் விழுந்திருக்கிற வடிவத்தைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. அதனால்தான் கீழே எல்லாவற்றையும் அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் தாளில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

ஆரம்பிக்கும் முன்

சோதனைக்கு நம் செட்டிநாட்டு வீடுகளைவிட நல்ல இடம் கிடையாது. முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று எல்லா வாசலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். இந்தத் தெருவில் நின்றால் அந்தத் தெரு தெரியும். 10 மீட்டர் தாராளமாகக் கிடைக்கும், சில வீடுகளில் 25 மீட்டரும் கிடைக்கும். அதே நேர்கோடுதான் ஆபத்தும். ஆச்சி எந்தக் கட்டிலிருந்து காபி டம்ளரோடு குறுக்கே வருவார் என்று சொல்ல முடியாது. டார்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற கதவையும் பக்கத்து அறைக் கதவுகளையும் உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டு, வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் குண்டு போட வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சுண்ணாம்பு அரைத்துப் பூசிய சுவர் மெழுகு போலத் தெரிந்தாலும் கல்லுதான், பெல்லட் திரும்பி வரும். தேக்குத் தூணும் அப்படித்தான். டார்கெட்டுக்குப் பின்னால் சாய்வான இரும்புத் தகடு வைத்த பெல்லட் பெட்டி இருக்கட்டும். இல்லையென்றால் பழைய துணியை இறுக்கி அடைத்து, பின்னால் தகடு வைத்த மரப்பெட்டி போதும். ஆத்தங்குடிக் கல் தரையில் நிற்கும் இடத்தைக் குறிக்க டேப் ஒட்டுங்கள். சாக்பீஸ் காலில் தேய்ந்து இடம் நகர்ந்துவிடும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்க வேண்டாம், பெல்லட் ஈயம்.

இப்போது மேஜை போட்டு, மணல் பை வைத்து, உட்கார்ந்து பத்து குண்டு சுடுங்கள். மூன்று போதாது. மூன்று குண்டு நெருக்கமாக விழுந்த தாளை ஃபோட்டோ எடுத்து அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பது, மீதி ஏழு எங்கே என்றுதான். அதே ரைஃபிள், அதே கையாக இருந்தாலும் பத்து குண்டின் பரப்பு மூன்று குண்டின் பரப்பைவிடச் சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாகத்தான் இருக்கும். கணக்கு அப்படி. மூன்றை வைத்து இரண்டு ரைஃபிளை ஒப்பிட்டால் அதிர்ஷ்டத்தைத்தான் ஒப்பிடுகிறீர்கள்.

அளக்கும்போது மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து, அதிலிருந்து ஒரு கேலிபரைக் கழிக்க வேண்டும். 0.177க்கு 4.5, ஏர் ரைஃபிள் 0.22க்கு 5.5. கிடைப்பது மையத்திலிருந்து மையத்துக்கான தூரம். இந்தக் கழித்தலைச் செய்யாமல் ஒப்பிட்டால் 0.22 பாவம், ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகத் திட்டு வாங்கும்.

எல்லாம் ஒரே இடத்தில் விழுகிறது, ஆனால் நடுவில் இல்லை

ரைஃபிள் நன்றாக இருக்கிறது. ஜீரோ மட்டும் செய்ய வேண்டும், அதாவது குறி பார்க்கிற இடத்திலேயே குண்டு விழும்படி குறியைத் திருத்த வேண்டும்.

ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) வைத்திருக்கிறவர்கள் ஒரு விஷயத்தில் குழம்புவார்கள். பெரும்பாலான ஸ்கோப்பில் ஒரு கிளிக் என்றால் கால் எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு). 100 மீட்டரில் அது 7 மி.மீ. நகர்த்தும், 10 மீட்டரில் முக்கால் மில்லிமீட்டர்கூட நகர்த்தாது. ஒரு சென்டிமீட்டர் நகர வேண்டுமென்றால் 14 கிளிக் திருப்ப வேண்டும். நாலு கிளிக் திருப்பிப் பார்த்துவிட்டு ஸ்கோப் வேலை செய்யவில்லை என்று கழற்றி வைத்தவர்கள் உண்டு. சாதாரணக் குறிமுள் என்றால் குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே பின்முள்ளை நகர்த்துங்கள்.

மேலும் கீழுமாக நீண்டு விழுகிறது

நம் பக்கம் அதிகம் பார்க்கிற தாள் இதுதான். பக்கவாட்டில் அகலம் குறைவு, உயரத்தில் மட்டும் இழுத்துக்கொண்டு போகும். குண்டின் வேகம் ஷாட்டுக்கு ஷாட் மாறுகிறது, இல்லையென்றால் மூச்சோ கன்னம் வைக்கும் இடமோ மாறுகிறது. இரண்டில் எது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

மணல் பை மேல் ரைஃபிளை வைத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்திச் சுட்டும் தாள் நீளமாகவே இருந்தால் வேகம்தான். பேரலை மடக்கி ஸ்ப்ரிங் ஏற்றுகிற ரைஃபிள் என்றால் சுட்டவுடன் பேரல் வாயை முகர்ந்து பாருங்கள். எண்ணெய் கருகிய வாடை, லேசான புகை, வழக்கத்தைவிடச் சத்தமான 'டப்'. யாரோ உள்ளே எண்ணெய் விட்டிருக்கிறார்கள். பிஸ்டன் காற்றை அழுத்தும்போது சூடு ஏறி அந்த எண்ணெய் டீசல் எஞ்சினில் எரிவதைப் போலவே உள்ளே எரிகிறது. ஒரு ஷாட்டில் எரியும், அடுத்ததில் எரியாது. விநாடிக்கு 150 மீட்டரில் போக வேண்டிய பெல்லட் 165இல் போனால் 10 மீட்டரிலேயே நாலு மி.மீ. மேலே விழும். டார்கெட்டில் வளையத்துக்கு வளையம் இடைவெளி இரண்டரை மி.மீ.தான், ஒன்றரை வளையம் அதிலேயே போய்விட்டது.

தையல் மெஷின் எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் காற்று அறைக்குள் போகவே கூடாது. வீட்டில் கதவு கீலுக்கு விட்டது மிச்சம் இருக்கிறதே என்று இதற்கும் விடுகிறவர்கள் நம்மிடையே நிறைய. ஏற்கெனவே விட்டாயிற்று என்றால், பெட்டியை நோக்கிக் குண்டு போட்டே சுட்டுத் தீருங்கள், போகப் போக எரிந்து வாடை குறையும். குண்டு இல்லாமல் வெறுமனே சுடாதீர்கள், பிஸ்டன் போய் முட்டி ஸ்ப்ரிங்கும் வாஷரும் கெடும்.

புகை இல்லை, ஆனாலும் வேகம் மாறுகிறதா? பேரலும் உடம்பும் சேரும் இடத்தில் இருக்கிற சின்ன வாஷரைப் பாருங்கள். மெல்லிய டிஷ்யூ தாள் துண்டை அந்த இணைப்புக்கு மேலே வைத்து, குண்டு போட்டுச் சுட்டால் தாள் துள்ளும். காற்று அங்கே கசிகிறது என்று அர்த்தம். பத்திருபது ரூபாய் ரப்பர் வளையம் தீர்த்து வைக்கும் கோளாறுக்கு ரைஃபிளையே மாற்றுவதா?

வேகம் சரி என்றால் உங்கள் பக்கம் வாருங்கள். மூச்சு இழுத்தால் தோள் ஏறும், முன்முனை கீழே போகும். விட்டால் மேலே வரும். கன்னம் ஸ்டாக்கில் (தோளில் அணைக்கிற கட்டையில்) ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பட வேண்டும். படவில்லை என்றால் அந்த இடத்தில் ஒரு துண்டு மருத்துவ டேப் ஒட்டிக்கொண்டு, தோலில் அது தட்டுப்படுகிறதா என்று பார்த்துச் சுடுங்கள்.

பக்கவாட்டில் பரவுகிறது

விரல். பெரும்பாலும் விரல்தான். ட்ரிகரில் முதல் கணுவின் நடுச்சதை படாமல் மடிப்பு பட்டால், அழுத்தும்போது ரைஃபிள் ஒரு பக்கம் இழுபடும். குண்டு போடாமல் குறி பார்த்து ட்ரிகரை மட்டும் அழுத்திப் பழகலாம் (ஸ்ப்ரிங் ஏற்றாமல்). முள் நடுங்காமல் இருக்கிறதா என்பது அதிலேயே தெரியும்.

விரல் சரி என்றால் சாய்வைப் பாருங்கள். ரைஃபிளை வலது பக்கம் சாய்த்துப் பிடித்தால் குண்டு வலது பக்கம் போய்க் கொஞ்சம் இறங்கும். ஸ்கோப் உயரமாக மாட்டியிருந்தால் இது இன்னும் அதிகம் தெரியும்.

மூன்றாவது காற்று. ஆடி மாதத்தில் வளவில் நின்று சுட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும். முகப்பிலிருந்து பின்கட்டு வரை நேராக அடிக்கிற காற்றால் பெரிய தொந்தரவு இல்லை, அது குண்டோடு கூடவோ எதிரிலோ போகிறது. வளவின் திறந்த வானத்திலிருந்து இறங்கி, நாலு பக்கத் தாழ்வாரத்திலும் மோதிச் சுழல்கிற காற்றுதான் குறுக்கே வரும். மணிக்குப் பத்து கிலோமீட்டர் குறுக்குக் காற்று போதும், 10 மீட்டரில் மெதுவான பெல்லட்டைச் சில மில்லிமீட்டர் தள்ளிவிட. குண்டு போகிற பாதை வளவைக் கடக்காமல் பக்கத் தாழ்வாரம் வழியாகப் போகும்படி டார்கெட்டை மாற்றி வையுங்கள். அப்படி மாற்றியதும் பரவல் சுருங்கினால் காற்றுதான் காரணம்.

இரண்டு தனித்தனிக் கூட்டம்

அஞ்சு இங்கே, அஞ்சு அங்கே. இரண்டுமே நெருக்கம். ஏதோ ஒன்று இரண்டு நிலைகளுக்கு நடுவே ஆடிக்கொண்டிருக்கிறது. ஸ்டாக்கையும் உடம்பையும் இணைக்கிற ஸ்க்ரூக்கள், ஸ்கோப்பைப் பிடித்திருக்கிற மவுண்ட், பேரல் கீல் போல்ட், இந்த மூன்றையும் வரிசையாக இறுக்குங்கள். ஸ்ப்ரிங் ரைஃபிளில் ஸ்கோப் மவுண்ட் நகராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைஃபிள் பின்னால் வரும், பிஸ்டன் போய் நிற்கும்போது முன்னால் குதிக்கும். இந்த இரட்டை உதையில் சாதாரண மவுண்ட் ரெயிலில் மெல்ல ஊர்ந்து பின்னால் போகும். ரெயிலில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தால் ஊர்கிறதா என்பது தெரிந்துவிடும்.

எல்லாம் இறுக்கமாக இருந்தும் இரண்டு கூட்டம் என்றால், கண் ஸ்கோப்பில் படுகிற இடம் மாறுகிறது. சாதாரண ரைஃபிள் ஸ்கோப்கள் பல 100 கெஜத்துக்குப் பொருத்தியே வரும். 10 மீட்டரில் தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் சிலுவைக் கோடு டார்கெட் மேல் நகர்வது போலத் தெரியும். ஏர் ரைஃபிளுக்கு என்று வருகிற, 10 மீட்டர் வரை தூரம் திருப்பி வைக்கக்கூடிய ஸ்கோப்தான் இதற்கு வேண்டும்.

திண்ணைத் தூணில் பேரலைச் சாய்த்துச் சுடுகிறவர்களுக்கும் இதே தாள் வரும். தூணில் கை வைக்கலாம், கை மேல் ஸ்டாக்கை வைக்கலாம். பேரல் எதிலும் படக் கூடாது. ஸ்ப்ரிங் ரைஃபிளை இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. உள்ளங்கையில் ஓய்வாக உட்கார வைத்து, அது தன் இஷ்டத்துக்கு உதைக்க விட வேண்டும். கை வைக்கிற இடம் மட்டும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

எட்டு நன்றாக, இரண்டு மட்டும் எங்கோ

பெல்லட்டைக் கொட்டிப் பாருங்கள். வெள்ளைத் துணியில் ஒரு கைப்பிடி பரப்பி, வளவு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பாவாடை போல விரிந்திருக்கும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் நசுங்கியது, ஓரம் மடிந்தது, ஈயப் பிசிறு ஒட்டியது எல்லாம் கண்ணிலேயே தெரியும். அந்தப் பாவாடைதான் காற்றை அடைத்துக்கொண்டு பேரலின் புரிகளை (உள்ளே சுற்றிப் போகும் வரிப்பள்ளங்களை) பிடிக்கிறது. அதில் ஒரு பக்கம் நசுங்கினால் வாயை விட்டு வெளியே வரும்போது காற்று ஒரு பக்கமாகத் தள்ளும்.

பெல்லட்டின் தலை அளவும் ஒரே மாதிரி வருவதில்லை. நல்ல டப்பாக்களில் 4.49, 4.50, 4.51 என்று அச்சடித்திருப்பார்கள். எல்லாமே 0.177தான், ஆனாலும் உங்கள் பேரல் ஒன்றைத்தான் விரும்பும். போட்டுப் பார்க்கும்போது கட்டைவிரலால் அழுத்தினால் லேசான எதிர்ப்போடு உள்ளே போக வேண்டும். தானாக நழுவி விழுந்தால் பெரிய அளவு தேடுங்கள். ஒரே கேலிபரில் டப்பாவை மாற்றியதும் பரவல் பாதியாகக் குறைவது அபூர்வமே இல்லை. ரைஃபிளை விற்கும் காசில் நாலைந்து வகை பெல்லட் வாங்கி, ஒவ்வொன்றிலும் பத்து பத்தாகச் சுட்டுப் பார்ப்பதுதான் என் யோசனை. ஒரு வகையிலிருந்து அடுத்ததுக்கு மாறும்போது முதல் சில குண்டுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள், பேரல் புது ஈயத்துக்குப் பழக வேண்டும்.

பத்து மீட்டரில் அழகு, இருபத்தைந்தில் கேவலம்

கேலிபருக்குக் கொஞ்சமாவது பேச்சுரிமை இருக்கிற இடம் இது. அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரே ஆற்றல் கொண்ட இரண்டு ரைஃபிள்களை எடுத்துக்கொள்வோம், இரண்டும் 12 ஜூல். 0.53 கிராம் எடையுள்ள 0.177 பெல்லட் விநாடிக்குச் சுமார் 213 மீட்டரில் கிளம்பும். 0.95 கிராம் 0.22 பெல்லட் சுமார் 159 மீட்டரில் கிளம்பும். 10 மீட்டரில் முதலாவது பேரல் கோட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் இறங்கும், இரண்டாவது இரண்டு சென்டிமீட்டர். 25 மீட்டரில் முதலாவது எட்டு சென்டிமீட்டரை ஒட்டி, இரண்டாவது பதின்மூன்றைத் தாண்டி. தூரம் சரியாகத் தெரிந்து, அந்தத் தூரத்துக்கே ஜீரோ செய்திருந்தால் இந்த இறக்கத்தால் ஒரு நஷ்டமும் இல்லை. தூரத்தைக் கண் அளவில் போடுகிறவருக்கு 0.22 அதிகம் தவறும். அதாவது 0.22இல் சிதறல் கூடவில்லை, தூரத்தைத் தப்பாகக் கணித்ததற்கான தண்டனைதான் கூடியது. காற்றில் 0.22இன் எடை கொஞ்சம் கைகொடுக்கும், குறைந்த வேகம் அதில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். கடைசியில் பெரிய வித்தியாசம் மிஞ்சாது.

25 மீட்டரில் திடீரென்று விரிவதற்கு வேறு இரண்டு காரணங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒன்று பெல்லட்டின் மூக்கு. போட்டிக்குரிய தட்டைத் தலைப் பெல்லட் தாளில் வட்டமாக ஓட்டை போடும், 10 மீட்டருக்கு அருமை. ஆனால் தூரம் கூடக் கூட நிலை தடுமாறும். 25க்கு மேல் உருண்டைத் தலைக்கு மாறிப் பாருங்கள். இன்னொன்று அளவுக்கு மீறிய வேகம். பெட்டியில் 1,200 அடி வேகம் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குகிறார்கள். அது விநாடிக்கு 366 மீட்டர், ஒலியைவிட வேகம். நடுவில் ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும்போது பெல்லட் ஆட்டம் கண்டுவிடும். எடை குறைந்த பெல்லட்டைப் போட்டு அந்த எண்ணை எட்டியிருப்பார்கள். கனமான பெல்லட் போட்டு வேகத்தைக் குறைத்தால் கூட்டம் சுருங்கும்.

0.22 எல்.ஆர். வைத்து ரேஞ்சில் (சுடுதளத்தில்) 50 மீட்டர் சுடுகிறவர்களுக்கும் இதே பாடம்தான். போட்டித் தோட்டாக்கள் ஒலி வேகத்துக்குக் கீழே, விநாடிக்கு 320, 330 மீட்டர் போலத்தான் கிளம்பும், தெரிந்தேதான் அப்படிச் செய்கிறார்கள். 'ஹை வெலாசிட்டி' தோட்டாவில் 50 மீட்டர் சரியாக வரவில்லை என்றால் கேலிபரை விட்டுவிட்டுத் தோட்டாவை மாற்றுங்கள். அங்கே பத்து வளையம் 10.4 மி.மீ. மிதமான குறுக்குக் காற்றே குண்டை அதற்கு வெளியே தள்ளிவிடும். காற்றைக் காட்டும் கொடியைப் பார்க்காமல் சுடக் கூடாது.

25 மீட்டர் வீட்டுக்குள் கிடைக்காதவர்கள் கண்மாய்க் கரையையோ ஊருணிக் கரையையோ தேடிப் போவதைப் பார்க்கிறேன். வேண்டாம். தண்ணீர்ப் பரப்பில் தாழ்வாகப் பட்ட குண்டு தெறித்து எதிர்க்கரைக்குப் போகும். கொக்கும் நாரையும் இறங்குகிற இடங்கள் அவை. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசுகூட வெடிப்பதில்லை. அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாம் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு கரையில் நிற்பது அழகில்லை. பறவையைச் சுட்டால் வன உயிரினச் சட்டம் வேறு. 0.22 எல்.ஆர். என்றால் பேச்சே இல்லை. அது ஒரு கிலோமீட்டருக்கு மேலேயும் போகும். அனுமதி பெற்ற ரேஞ்சைத் தவிர வேறெங்கும் எடுக்கக் கூடாது.

காலையில் சரியாக இருந்தது, மத்தியானம் தள்ளிப் போகிறது

சாதாரண முள் வைத்துச் சுடுகிறவர்களுக்கு மட்டும். வளவு வெளிச்சம் காலையில் ஒரு பக்கத் தாழ்வாரத்திலிருந்தும் மத்தியானம் நேர் மேலேயிருந்தும் மாலையில் எதிர்ப் பக்கத்திலிருந்தும் வருகிறது. முன்முள்ளின் வெளிச்சம் பட்ட ஓரம் பளபளத்துப் பெரிதாகத் தெரியும், கண் அதையே முள் என்று எடுத்துக்கொள்ளும். முள்ளில் மெழுகுவர்த்திப் புகையைக் கருக்குங்கள், இல்லையென்றால் மேலே ஒரு சின்னக் கூண்டு மாட்டுங்கள். டார்கெட்டுக்குத் தனி விளக்கு வையுங்கள். சித்திரை வெயிலில் ஓடு கொதிக்கும்போது வளவைத் தாண்டிப் பார்த்தால் டார்கெட் மிதப்பது போலத் தெரிவதும் உண்டு. அதற்கு மருந்து காலை ஏழு மணிதான்.

ஐயா காலத்துத் துப்பாக்கி சுத்தமாகக் கேட்கவில்லை

பர்மாவிலிருந்தோ மலேயாவிலிருந்தோ வந்த பெட்டிக்குள் ஐயா வைத்துப் போன ஏர் கன் இன்னும் பல வீட்டில் இருக்கிறது. முதலில் குண்டு உள்ளே இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பேரலை மடக்கித் திறந்து வைத்து வெளிச்சத்துக்குக் காட்டிப் பின்னாலிருந்து பாருங்கள். புரிகள் கூர்மையாகச் சுற்றிப் போக வேண்டும். துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் அதைச் சரிசெய்ய முடியாது. சுவரில் மாட்டி வைக்கலாம், அழகாக இருக்கும்.

புரி நன்றாக இருந்தும் சிதறினால் இரண்டு சங்கதி. பழைய பிஸ்டனில் தோல் வாஷர் இருக்கும், காய்ந்து சுருங்கியிருக்கும். புது மாடல்களின் நைலான் வாஷருக்கு எண்ணெய் ஆகாது, தோலுக்கு வேண்டும். அதுவும் ஏர் கன்னுக்கென்று விற்கிற எண்ணெய், இரண்டு சொட்டு, ராத்திரி முழுக்க ஊற வேண்டும். முதல் சில ஷாட்டில் புகை வந்தால் பயப்பட வேண்டாம். அடுத்தது, இங்கே கேலிபர் உண்மையிலேயே குற்றவாளியாக இருக்கலாம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் 0.22 ஏர் கன்கள் சிலவற்றின் துளை இன்றைய 5.5 மி.மீ. பெல்லட்டுக்குச் சற்றே பெரிது. வீட்டுச் சாவி அடுத்த வீட்டுப் பூட்டுக்குள் போய் சும்மா சுற்றுவது மாதிரி பெல்லட் புரியைப் பிடிக்காமல் போய்விடும். 5.5ஐவிட ஒரு மயிரிழை பெரிய தலை அளவு பெல்லட் கிடைத்தால் அந்தக் கன் திடீரென்று உயிர் பெறும். அதற்காக 0.22 என்று எழுதியிருக்கிறதே என்று எல்.ஆர். தோட்டாவைத் திணித்துப் பார்க்கிற எண்ணம் யாருக்கும் வர வேண்டாம். இரண்டும் வேறு வேறு பொருள்.

பேரல் வாயின் விளிம்பையும் தடவிப் பாருங்கள், துப்பாக்கியைத் தலைகீழாக மூலையில் சாத்தி வைத்தே பல வீடுகளில் அந்த விளிம்பு நசுங்கியிருக்கும். குண்டு கடைசியாகத் தொடுகிற இடம் அது. பஞ்சை உள்ளே சுழற்றி எடுத்தால் எந்தப் பக்கம் நூல் மாட்டுகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. தெரிந்த கையால் விளிம்பைச் சீர்செய்தால் பாதிச் சிதறல் போய்விடும்.

உரிமம் உள்ள ரைஃபிளைத் தேர்தல் சமயத்தில் ஒப்படைத்துவிட்டு மாதக்கணக்கு கழித்துத் திருப்பி வாங்கினீர்களா? சுடும் முன் பேரலைத் துடையுங்கள், ஸ்கோப்பை மறுபடி ஜீரோ செய்யுங்கள். பழைய ஜீரோவை நம்ப வேண்டாம்.

0.22இல் சுட்டால் மட்டும் ஸ்கோர் கூடுகிறது

கூடும், ஆச்சரியமில்லை. ஓட்டையின் விளிம்பு மேல் வளையத்தின் கோட்டைத் தொட்டாலே அந்த எண்ணைக் கொடுக்கிற வழக்கத்தில், 0.22 ஓட்டை ஒவ்வொரு பக்கமும் அரை மி.மீ. கூடுதலாக எட்டிப் பிடிக்கிறது. குண்டின் மையம் அதே இடத்தில்தான் விழுந்திருக்கும். மையத்திலிருந்து மையம் அளந்து பாருங்கள், முன்னேற்றம் காணாமல் போய்விடும். அதிகாரப்பூர்வ 10 மீட்டர் போட்டியில் 4.5 மி.மீ.க்கு மட்டுமே அனுமதி என்பதால் அங்கே இந்தச் சௌகரியத்துக்கு இடமில்லை.

பெரிய கேலிபரில் கை பின்வாங்குகிறது

ட்ரிகரை அழுத்தும் முன்பே கண் மூடி, தோள் சுருங்கும். தாளில் ஒழுங்கே இருக்காது, பெரும்பாலும் கீழ்ப்பக்கம் பரவும். கேலிபர் துல்லியத்தைப் பாதிக்கிற நேரடி வழி இது ஒன்றுதான், அதுவும் மனிதன் வழியாக. 300 மீட்டர் ரைஃபிள் போட்டியில் 8 மி.மீ. வரை வைத்துக்கொள்ளலாம் என்கிறது விதி. ஆனாலும் முன்னணி வீரர்கள் பெரும்பாலும் 6 மி.மீ.க்கே வந்துவிட்டார்கள். உதை குறைவு, குண்டு காற்றை நன்றாகக் கிழிக்கிறது, நாள் முழுக்கச் சுட்டாலும் தோள் சலிப்பதில்லை. பெரிய கேலிபரில் தடுமாறுகிறவர் அதே ரைஃபிளோடு மல்லுக்கட்டாமல் சில வாரம் 0.177க்குத் திரும்பி வந்து விரலைச் சரிசெய்யட்டும்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னமும் மாற்றத்தான் வேண்டுமா?

அப்படியென்றால் சட்டத்தை முதலில் பாருங்கள். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ.க்கு மேல் துளையோ 20 ஜூலுக்கு மேல் ஆற்றலோ உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டும். 0.22க்குத் தாவுவது என்றால் அலுவலகத்துக்கும் நடையாக நடக்க வேண்டியிருக்கும். போட்டிதான் நோக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வாங்குகிற 10 மீட்டர் பிரிவில் எல்லாரும் 4.5 மி.மீ.தான். அந்த ரைஃபிளில் காசைக் கொட்டுவதென்றால் ட்ரிகருக்கும் நல்ல பேரலுக்கும் கொட்டுங்கள்.

இரண்டும் கையில் இருக்கிற நண்பர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரே காலை, ஒரே மேஜை, இரண்டு ரைஃபிளிலும் தலா பத்து குண்டு, மாற்றி மாற்றி அஞ்சு அஞ்சாக. தாள்களின் பின்பக்கம் எந்த ரைஃபிள் என்று எழுதி, அந்த எழுத்தை மறைத்து வைத்துவிட்டு, வேறு யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். விளிம்பிலிருந்து விளிம்பு, ஒரு கேலிபர் கழித்து.